கார்பன் மாட்டப் போகிறாயா, தம்பி?

எங்கள் அரியக்குடிக்கு வெளியூர்க்காரர்கள் இரண்டு காரியத்துக்கு வருவார்கள். ஒன்று, தென் திருப்பதி என்று பேர்பெற்ற திருவேங்கடமுடையான் கோயில். இன்னொன்று, பித்தளை விளக்கு. இப்போது மூன்றாவதாக ஒரு கூட்டம் என் பட்டறைக்கு வருகிறது. காரைக்குடி காலேஜ் பையன்கள், கல்லல், தேவகோட்டைப் பக்கத்துப் பையன்கள். வண்டியை நிறுத்தியதும் போனை நீட்டுவார்கள். அதில் ஏதோ ஒரு நாட்டு பைக், உடம்பெல்லாம் கார்பன் ஃபைபரின் கறுப்பு நெசவு பளபளக்க நிற்கும். "இதே மாதிரி பண்ணணும்ணே."

நான் பெயிண்டர். ஃபைபர் வேலையும் பார்ப்பேன். ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றுவதற்குப் பதிலாக, புதிதாகக் கை வைக்கப் போகிறவர்களுக்கு எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

1. எதற்கு மாட்டுகிறாய் என்பதை ஒளிக்காமல் சொல். அழகுக்கு என்றால் அழகுக்கு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அழகுக்கென்று ஆயிரம் சன்னல் வைத்து வீடு கட்டிய ஊர்க்காரர்கள் நாம். "வெயிட் குறையும்ணே, மைலேஜ் ஏறும்ணே" என்று கதை விடாதே. உன் வண்டியின் மட்கார்டு பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். தண்ணீரை 1 என்று வைத்தால் ஏ.பி.எஸ். 1.05, கார்பனும் ரெசினும் சேர்ந்தது 1.6, அலுமினியம் 2.7, இரும்பு 7.85. ஒரே தடிமனில் செய்தால் பிளாஸ்டிக்கைவிடக் கார்பன்தான் வெயிட். அதை மெல்லிசாகச் செய்தும் வலு நிற்கும் என்பதால்தான் எடை குறைகிறது. இரும்பு மட்கார்டு போட்ட கிளாசிக் 350 மாதிரி வண்டியில் வித்தியாசம் கையில் தெரியும். ஆனால் அந்த வண்டியே 195 கிலோ. அரைக் கிலோவைக் குறைத்துவிட்டு, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் கணக்கு நேராகிவிடும்.

எடை குறைவதால் வாழ்க்கையே மாறுகிற இடம் வேறு. ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாம் ஹைதராபாத்தில் அக்னி ஏவுகணை வேலையில் இருந்தபோது, நிஜாம் மருத்துவ நிறுவனத்து எலும்பு டாக்டர் ஒருவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, அங்கிருந்த கூட்டுப்பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து அசந்துபோனாராம். அவருடைய ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் 3 கிலோவுக்கு மேல் கனக்கிற உலோகக் காலிப்பரை (கால் தாங்கி) மாட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். மூன்று வாரத்தில் அதை 300 கிராமில் செய்து கொடுத்ததைக் கலாம் மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அது எடைக்காகச் செய்தது. நீ செய்வது சிங்காரம். சிங்காரத்துக்கு வேறு கணக்கு, அதைத்தான் கீழே சொல்லப் போகிறேன்.

2. கடைக்காரன் "கார்பன்" என்று சொல்லிக் கொடுப்பதில் ஐந்து ரகம் உண்டு. நெசவுப் படம் அச்சடித்த வினைல் ஸ்டிக்கர். தண்ணீர்த் தொட்டியில் படலத்தை மிதக்கவிட்டு, பிளாஸ்டிக்கை அதற்குள் முக்கி எடுக்கும் டிப்பிங். பழைய பிளாஸ்டிக் பாகத்தின் மேலேயே ஒரே ஒரு அடுக்கு நிஜக் கார்பன் துணியை ரெசினால் ஒட்டுவது. மேலே ஒரு அடுக்கு கார்பன், உள்ளே எல்லாம் சாதாரணக் கண்ணாடி ஃபைபர். கடைசியாக, முழுக்கக் கார்பன். முழுக் கார்பனிலும் கையால் ரெசின் தடவியது ஒரு தரம். வேக்யூம் போட்டு உறிஞ்சியது அதற்கு மேல். ரெசின் ஏற்றியே வரும் துணியை ஆட்டோகிளேவில் அழுத்தமும் சூடும் கொடுத்து வேகவைத்தது எல்லாவற்றுக்கும் மேல். விலையும் அந்த வரிசையில்தான் ஏறும். ஏமாறுவது எங்கே என்றால், நான்காவது ரகத்தை ஐந்தாவது விலைக்கு வாங்குவதில்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதலில் பாகத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார். ஆத்தங்குடிக் கல் செய்கிறவர்களைப் பார்த்திருப்பாய். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, முதலில் வண்ணத்தை ஊற்றி, அதற்குப் பின்னால்தான் மணலும் சிமெண்டும் போடுவார்கள். கல்லின் முகம் கீழே கண்ணாடியைப் பார்த்துக் கிடக்கும். பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. கார்பன் பாகமும் அப்படியே பிறக்கிறது. பாலிஷ் போட்ட அச்சுக்குள் முதலில் தெளிவான ஜெல்கோட், அதன்மேல் துணி, அதற்குப் பின்னால் மற்ற அடுக்குகள். அதனால் முகத்தை யார் வேண்டுமானாலும் பளபளப்பாக்கிவிடலாம். செய்தவனின் யோக்கியதை முதுகில் தெரியும். முதுகு வெளிறிய பச்சையாகவோ வெள்ளை நார் நாராகவோ இருந்தால் உள்ளே கண்ணாடி ஃபைபர். பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் அடித்தாய் என்று கேள். ரெசின் குட்டை குட்டையாகத் தேங்கியிருந்தால் கைவேலை, அவசர வேலை.

பின்பக்கத்தை வைத்து முடிவுக்கு வர முடியாவிட்டால் மல்டிமீட்டரை எடு. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், கண்ணாடி கடத்தாது. மேலே ரெசின் மூடியிருப்பதால் பரப்பில் வைத்தால் ஒன்றும் காட்டாது. போல்ட் ஓட்டையின் உள்விளிம்பு, வெட்டிய ஓரம் மாதிரி நூல் வெளியே தெரிகிற இரண்டு இடத்தில் முனைகளைக் குத்திப் பிடி. நிஜக் கார்பன் என்றால் மீட்டர் கத்தும். மேலே ஒரே அடுக்குதான் என்றால் முனையை உள்பக்க அடுக்குக்கு நகர்த்தியதும் வாயை மூடிக்கொள்ளும். இதைக் கடையில் செய்து காட்டச் சொன்னாலே பாதிப் பேர் விலையைக் குறைத்துவிடுவார்கள்.

3. நெசவைப் படிக்கக் கற்றுக்கொள். கரியை இழையாக்குவது நேற்று வந்த வித்தை இல்லை. 1879-இல் எடிசன் தன் விளக்குக்குள் வைத்து எரித்ததே கரியாக்கிய பருத்தி நூல்தான். அப்புறம் மூங்கில் இழைக்கு மாறினார். விளக்கு ஊர்க்காரன் என்பதால் எனக்கு இந்தச் செய்தியில் ஒரு தனிப் பிரியம். இன்றைய கார்பனை அக்ரிலிக் மாதிரியான செயற்கை இழையைச் சூடேற்றிச் செய்கிறார்கள். வழியைக் கண்டவர் ஜப்பானின் அகியோ ஷிண்டோ, 1961 வாக்கில். டோரே கம்பெனி 1971-இல் வியாபாரமாக்கியது. 1981-இல் மெக்லாரன் கார்பன் உடம்போடு ஃபார்முலா ஒன் கார் ஓட்டியது. அந்த ரேஸ் பவுசுதான் சுற்றிச் சுற்றி இன்றைக்கு உன் டேங்க் மேல் வந்து உட்காரப் பார்க்கிறது.

பைக் பாகங்களில் அதிகம் புழங்குவது 3கே துணி. ஒரு கற்றையில் 3,000 இழை. ஒவ்வொரு இழையும் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன். பாவும் ஊடையும் ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கினால் சதுரங்கக் கட்டம் மாதிரி தெரியும், அது பிளைன். இரண்டு மேல் இரண்டு கீழ் போனால் சாய்ந்த கோடாக ஓடும், அது ட்வில். வளைவுகளில் மடங்கிப் படிவது ட்வில்தான்.

நல்ல கை எது என்று இங்கே தெரியும். வண்டியின் இடது வலது பாகங்களை அடுத்தடுத்து வைத்துப் பார். இடதில் கோடு முன்னால் சாய்ந்தால் வலதிலும் முன்னால் சாய வேண்டும், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. விலை மலிவான ஜோடியில் ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் சாய்ந்து ஓடும். முன்னாலிருந்து பார்த்தால் வண்டி ஒருக்களித்து நிற்கிற மாதிரி ஒரு உறுத்தல். ஏன் என்று பார்க்கிறவனுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும். மூலைகளில் துணி விலகிக் கறுப்புக் குழியாக இருக்கிறதா, ரெசினுக்குள் ஊசிமுனைக் குமிழ் இருக்கிறதா என்றும் பார். வெயிலில் பிடித்துத் திருப்பினால் நிஜ நெசவில் வெளிச்சம் கட்டம் கட்டமாக இடம் மாறும். அச்சடித்த படம் எப்படித் திருப்பினாலும் அதே முகம்தான்.

4. ஸ்டிக்கர் ஒட்டுவது கேவலம் இல்லை. கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் நல்ல வினைல் வாங்கி, ஹீட் கன் வைத்து நிதானமாக ஒட்டு. போலிக் கார்பன் பாகத்தைவிட ஒழுங்காக ஒட்டிய ஸ்டிக்கர் எவ்வளவோ மேல். பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம்.

5. இனி முக்கியமானது. பூட்டு மூடி, டேங்க் பேட், பக்கவாட்டு மூடி, ஹெட்லைட்டுக்கு மேல் டூம், சங்கிலி மூடி, மீட்டர் சுற்று: இவற்றில் உன் ஆசையைக் காட்டு. பிரேக் லீவர், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட், ரிம் ஆகியவற்றில் பேர் தெரியாத கார்பன் வேண்டவே வேண்டாம். பி.எம்.டபிள்யூ. 2017-இல் எச்.பி.4 ரேஸ் என்று சட்டமும் சக்கரமும் கார்பனிலேயே செய்தது உண்மை. மொத்தமே 750 வண்டி. ஒவ்வொன்றும் ரேஸ் தளத்துக்கு. அதைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் சல்லிசாக வருகிற ரிம்மை வாங்கி நம் ஊர்ப் பள்ளத்தில் இறக்கினால், நொறுங்குவதற்கு முன் அது உனக்குச் சொல்லிவிட்டு நொறுங்காது. இரும்பு வளையும், அலுமினியம் நெளியும், கார்பன் டப்பென்று போகும்.

முன் மட்கார்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பார்க்க அலங்காரம், உட்கார்ந்திருப்பதோ டயருக்கு மேலே. பல வண்டிகளில் மட்கார்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பட்டை இரண்டு ஃபோர்க் காலையும் சேர்த்துப் பிடித்திருக்கும். மட்கார்டைப் பிடிக்கத்தானே என்று அதையும் சேர்த்துக் கழற்றி எறிகிறார்கள். அது ஃபோர்க் முறுக்காமல் இருக்க வைத்தது. கழற்றினால் வளைவில் முன்சக்கரம் ஒரு பேச்சு, ஹேண்டில் ஒரு பேச்சு. பட்டையோடு சேர்ந்து பொருந்தும் மட்கார்டாகப் பார்த்து வாங்கு. மாட்டிய பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் எல்லா இடத்திலும் தாராளமாகப் போகிறதா பார். ஹேண்டிலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முழுக்கத் திருப்பு. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை அழுத்தி அழுத்திப் பார். பிரேக் ஹோஸ் எங்கேயாவது உரசினால் அப்படியே நிறுத்து.

6. சேலை கார்டைக் கழற்றாதே. "பின்பக்கம் அசிங்கமா இருக்குண்ணே" என்று முதலில் கழற்றச் சொல்வது அதைத்தான். பின்னால் ஆள் ஏறும் வண்டியில் கைப்பிடியும் கால்மிதியும், துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. விதியை விடு. வெள்ளிக்கிழமை உங்கள் ஆச்சி கண்டாங்கிச் சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து கோயிலுக்கு வருவார்களா மாட்டார்களா? அந்த முந்தானைக்கு நீதான் பொறுப்பு. அதன் தோற்றம் பிடிக்கவில்லையா, அந்தக் கம்பியை மேட் கறுப்பில் அடித்துத் தருகிறேன், மற்றதோடு சேர்ந்து போகும்.

சட்டம் என்று வந்ததால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்துவிட்டார்கள். நிறத்துக்கும் இது பொருந்தும். ஆர்.சி. புக்கில் சிவப்பு என்று போட்ட வண்டியை முழுக்கக் கார்பன் ராப்பில் சுற்றினால் அது கறுப்பு வண்டி; ஆர்.டி.ஓ. ஆபீசில் மாற்றி எழுத வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடு. சொல்லாமல் இருந்துவிட்டு விபத்தன்று போய் நின்றால் அவர்கள் முதலில் எடுப்பது கேமராவைத்தான்.

7. கார்பனும் அலுமினியமும் நேருக்கு நேர் தொடக்கூடாது. இதை நம்பாத பையன்களுக்காகவே நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் சமயத்தில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். நாம் சிக்ரி என்போம். உலோகம் ஏன் அரிக்கிறது என்று ஆராய்வது அவர்களுடைய முக்கியமான வேலைகளில் ஒன்று. மண்டபம் கடற்கரையில் தகடுகளை உப்புக்காற்றில் நிறுத்திவைத்துப் பார்ப்பார்கள்.

விஷயம் இதுதான். கார்பன் மின்சாரம் கடத்துகிற பொருள், எளிதில் அரிக்காத ஜாதி. அலுமினியம் சீக்கிரம் அரிக்கிற ஜாதி. இரண்டையும் ஒட்டவைத்து நடுவில் மழைத் தண்ணீரோ வியர்வையோ உப்பீரமோ போய்விட்டால் அது ஒரு குட்டி பேட்டரி. கரைவது அலுமினியம். ஒரு மழைக்காலம் போன பிறகு கலர் அலுமினிய போல்ட்டின் தலையைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருக்கும். ஸ்பேனர் வைத்தால் தலை மட்டும் கையோடு வரும். துத்தநாகம் பூசிய சாதாரண போல்ட்டும் இந்தக் கூட்டணியில் துருப்பிடித்துப் போகும். அதனால் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடு, கார்பனுக்கும் உலோகத்துக்கும் நடுவில் நைலான் வாஷர் போடு, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவு. வெட்டிய ஓரங்களையும் ஓட்டையின் உள்சுவரையும் ரெசினோ கிளியரோ தொட்டு மூடு. நீலம், சிவப்பு என்று மினுக்குகிற அலுமினிய போல்ட் செட்டுக்கும் கார்பனுக்கும் ஜோடிப் பொருத்தம் இல்லை.

8. ஓட்டை போடும்போது அவசரம் வேண்டாம். பாகத்தை முதலில் சும்மா வைத்துப் பார். இழுத்துப் பிடித்து போல்ட் போட வேண்டியிருந்தால் அது உன் வண்டிக்கு உள்ளதில்லை. குறி வைத்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டு, பின்னால் மரக்கட்டை கொடு, புது பிட் போடு, மெதுவாக இறக்கு. கட்டை இல்லாவிட்டால் மறுபக்கம் நூல் பிய்ந்து பூவாக விரியும். முறுக்குவதில் முரட்டுத்தனம் வேண்டாம். ரப்பர் புஷ் வைத்து, வாஷர் அசையாமல் நிற்கிற அளவுக்கு மட்டும். கிரீச் என்று ஒரு சத்தம் கேட்டால் ரெசின் நசுங்கியாயிற்று என்று அர்த்தம். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எல்லா போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்.

9. தேய்க்கும்போதும் அறுக்கும்போதும் மாஸ்க், கையுறை, கண்ணாடி. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்காதே, அது போதாது. வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய். கறுப்புச் சிலாம்பு விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, இரண்டு நாள் குத்தும். வீட்டு மிக்ஸி, கம்ப்யூட்டர் இருக்கிற அறையில் இந்த வேலை கூடவே கூடாது. தூசியும் மின்சாரம் கடத்தும்.

10. நம் வெயில் தெரியுமல்லவா? எப்பாக்ஸி ரெசினுக்கு வெயில் ஆகாது, மஞ்சளித்துப் போகும். கறுப்பு, அதிலும் கண்ணாடி மாதிரி பளபளப்பு; சித்திரை மதியம் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வந்து தொட்டால் கை சுடும். சாதாரணமாக அறை வெப்பத்தில் இறுகவிட்ட எப்பாக்ஸி 60, 70 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். அப்போதுதான் நெசவு மேலே புடைத்துத் தெரியும், மெல்லிய பாகம் கோணும். செய்கிறவனிடம் ரெசின் போட்ட பிறகு சூட்டில் வைத்து எடுத்தாயா என்று கேள். மேலே புற ஊதாவைத் தாங்கும் நல்ல கிளியர் கோட் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை மெழுகு. சைலன்சரைச் சுற்றிப் போடுகிற கார்பன் மூடிக்கு வேறு ரெசின் வேண்டும். மலிவுச் சரக்கு முதலில் நாறும், அப்புறம் பழுப்பாகும், அப்புறம் தானாக உரியும்.

11. டேங்க் மேல் முழு மூடி போடுவது எனக்குப் பிடிக்காது. அது என் சொந்த ருசி என்று வைத்துக்கொள். மூடிக்கும் டேங்குக்கும் நடுவில் மணல் போகும், மழைத் தண்ணீர் தங்கும்; மேலே மினுமினுப்பு, அடியில் இரும்பு துருவேறிக்கொண்டிருக்கும். போட்டே தீருவேன் என்றால் ஓரங்களில் ஃபோம் ஒட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவு.

12. வயர் கிட்டே போகும் இடத்தில் கார்பனின் அறுத்த ஓரம் இருக்கக்கூடாது. ஓரம் அரம் மாதிரி, வயரின் தோலை அரித்துவிடும். அப்புறம் அதுவே ஷார்ட்டுக்கு வழி. ஜி.பி.எஸ். கருவியைக் கார்பன் மூடிக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு "சிக்னல் இல்லண்ணே" என்று வருகிறார்கள். கார்பன் அந்த அலையை மறைக்கும்.

13. கழற்றிய கம்பெனிப் பாகங்களைத் துணியில் சுற்றி, போல்ட்டோடு பரணில் போட்டு வை. வண்டியை விற்கும்போது வாங்குகிறவன் கேட்பது ஒரிஜினலைத்தான். நீ கார்பனுக்குக் கொடுத்த காசை அவன் தர மாட்டான். அதைத் தனியாக விற்றுக்கொள்.

14. வண்டி கீழே விழுந்தால், கீறல்தானே என்று பாலிஷ் போட்டு மறைக்காதே. கார்பன் வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே அடுக்கு விட்டுப் போயிருக்கும். ஐந்து ரூபாய்க் காசை எடுத்து, அடிபட்ட இடத்திலிருந்து தள்ளி ஆரம்பித்து வரிசையாகத் தட்டிக்கொண்டே வா. நல்ல இடத்தில் டிங் டிங் என்று கணீரென்று கேட்கும். அடுக்கு விட்ட இடம் வந்ததும் டப் என்று அமுங்கும். சுண்ணாம்புக் கட்டியால் அதைச் சுற்றி வட்டம் போடு. பக்க மூடி என்றால் எடுத்துக்கொண்டு வா, ஒட்டிப் பார்க்கலாம். முன் மட்கார்டு என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு வராதே. அங்கேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வா.